கையெழுத்துப் போட்ட காகிதம்

இருநூத்தித் தொண்ணூத்தி நாலு பி, முன்னூத்தி இருபத்தி மூணு, முன்னூத்தி இருபத்தி நாலு, ஐநூத்தி ஆறு ரெண்டு. தென்மாவட்டக் கடற்கரையில் ஒருமுறையாவது கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். கெட்ட வார்த்தை பேசியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் அடித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. நம் ஊர் அடிதடி வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த நாலையும் சுற்றித்தான் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்களை மாற்றிவிட்டது: 296(பி), 115(2), 118(1), 351(3). எண்தான் மாறியிருக்கிறது. அடியும் வலியும் பழையவைதான்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலை வைத்தே இதை எழுதுகிறேன். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துபோனால் படகு தட்டும். அப்படித் தட்டாமல் கரை சேர்ந்த பிறகுதான் பங்குக் கணக்கு, வலைக் கணக்கு, வட்டிக் கணக்கு எல்லாம் தொடங்கும். கைகலப்பு எந்தத் தொழிலிலும் நடக்கிறது. ஆனால் நெருக்கியடித்து வீடு கட்டிக்கொண்டு, எல்லாரும் எல்லாருக்கும் உறவாக வாழும் ஒரு கடற்கரைக் கிராமத்தில், அடித்தவரும் அடிபட்டவரும் மறுநாள் காலை ஒரே கரையில்தான் நின்றாக வேண்டும். சட்டத்தில் 'நெருங்காதே' என்று எழுதுவது சுலபம். அந்தச் சொல்லை இந்த மணலில் எங்கே கோடு கிழித்துக் காட்டுவது?

கட்டுரை முழுக்கத் துணைக்கு ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். இது யாருடைய கதையும் அல்ல. சட்டத்தை விளக்குவதற்காக நானே கட்டிக்கொண்டது. ஒருவர் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறார். கேள்வி கேட்க வந்த மச்சானைத் துடுப்பால் மண்டையில் அடிக்கிறார். ஆறு தையல். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) போடுகிறார்கள், போலீஸில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. மனைவி குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை கேட்டுத் தனியாக மனுப் போடுகிறார். சில ஆண்டுகள் வாய்தாவுக்குப் பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் கணவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து ஓராண்டுச் சிறை விதிக்கிறது. மனைவியை நெருங்கவோ தொந்தரவு செய்யவோ கூடாது என்ற ஆணையும் வந்துவிடுகிறது. இனி என்ன?

ஊரில் பத்துப் பேர் சொல்லும் பதில் ஒன்றே: "அப்பீல் போட்டாச்சுன்னா ஒண்ணும் இல்லப்பா." அந்த 'ஒண்ணும் இல்ல' எவ்வளவு ஆபத்தான சொல் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசப்போகிறது.

முப்பது நாள்

மாஜிஸ்திரேட் நீதிமன்றம் கொடுத்த தண்டனையை எதிர்த்து மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். புன்னைக்காயல்காரருக்கு அது தூத்துக்குடி. அமர்வு நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்திருந்தால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. அதற்கு முன்பு இந்தக் கரையிலிருந்து ஒரு அப்பீலுக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள்.

அமர்வு நீதிமன்றத்துக்குக் கெடு 30 நாள். உயர்நீதிமன்றத்துக்கு 60 நாள். தீர்ப்பு நகல் கேட்டு மனுப் போட்டு அது கைக்கு வரும்வரை ஆகும் நாட்கள் இந்தக் கெடுவில் சேராது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை நீதிமன்றமே இலவசமாகவும் தாமதமின்றியும் கொடுக்க வேண்டும். அது சலுகை அல்ல, சட்டக் கடமை. 1978-இல் எம்.எச். ஹோஸ்கோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. தண்டிக்கப்பட்டவர் கையில் தீர்ப்பு நகல் போய்ச் சேராமல் மேல்முறையீட்டு உரிமை என்று ஒன்று இருந்து என்ன பயன் என்பதே அதன் சாரம். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

இங்கேதான் கடலின் கணக்கும் கோர்ட்டின் கணக்கும் மோதுகின்றன. தீர்ப்பு நாளன்று வழக்கம்போல் இன்னொரு வாய்தா என்று நினைத்துத் தனியாக வந்து நின்றவர், 'குற்றவாளி' என்ற சொல்லைக் கேட்டதும் உறைந்துபோகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் நடக்க வேண்டிய வேலை அதிகம். தண்டனை மூன்று ஆண்டுக்கு மிகாமல் இருந்து, அவர் ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவராயின், அப்பீல் போட அவகாசம் கொடுத்துத் தண்டனையை அதே நீதிமன்றம் நிறுத்திவைக்கலாம். அதற்கு மனு வேண்டும், அபராதம் கட்டப் பணம் வேண்டும், இரண்டு ஜாமீன்தார்கள் வேண்டும். ஜாமீன்தார்கள் கடலுக்குப் போயிருந்தால்? அன்றிரவு சிறைதான்.

சிறைக்குள் போய்விட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம். அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். காவலில் இருப்பவர் எவராயினும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். பெண்களுக்கும் அப்படியே. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டினால் போதும். தொலைபேசி எண் 15100.

கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துப் போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஆனால் 'தொழிலுக்குப் போயிருந்தேன்' என்ற ஒரு வரி போதாது. எந்தத் தேதியில் போனார், எப்போது திரும்பினார், நகல் எப்போது கிடைத்தது என்று நாள்வாரியாகச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் கடலோடும் தோணிக்காரர்கள் இந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது நல்லது.

தண்டனை வேறு, தீர்ப்பு வேறு

'தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார்கள்' என்றால் குற்றம் போய்விட்டது என்று பொருளல்ல. சிறை தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். குற்றவாளி என்ற தீர்மானம் அப்படியே நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஓசூர் வரை போய்வரலாம். 1998-இல் கள்ளச்சாராயத்துக்கு எதிரான ஒரு போராட்டத்தில் பாகலூரில் பேருந்துகள் மீது கல்வீசப்பட்ட வழக்கில், 2019 ஜனவரி 7 அன்று, அப்போது தமிழக விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த பாலகிருஷ்ணா ரெட்டிக்குச் சிறப்பு நீதிமன்றம் மூன்று ஆண்டுச் சிறை விதித்தது. அப்பீலுக்காகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அவர் சிறைக்குப் போகவில்லை. ஆனால் 'குற்றவாளி' என்ற தீர்மானத்துக்குத் தடை கிடைக்கவில்லை. அமைச்சர் பதவி போயிற்று, சட்டமன்ற உறுப்பினர் பதவியும் போயிற்று. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனைத் தீர்ப்பையே ரத்து செய்தது. அதற்குள் ஓசூரில் இடைத்தேர்தல் முடிந்து, அதன்பின் ஒரு பொதுத்தேர்தலும் முடிந்திருந்தது.

அமைச்சருக்குப் பதவி என்றால் கடற்கரை இளைஞனுக்குப் பாஸ்போர்ட். கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போக நினைப்பவர்கள் நிறைந்த கரை இது. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட் மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால், ஐந்து ஆண்டுவரை மறுக்கலாம். ஆகவே அப்பீலில் 'சிறையைக் குறையுங்கள்' என்று மட்டும் கேட்பதா, 'நான் குற்றவாளியே இல்லை' என்று வாதாடுவதா என்பது வக்கீலின் தொழில்நுட்பச் சங்கதி அல்ல. அந்த மனிதனின் அடுத்த பத்தாண்டு அதில் இருக்கிறது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்யலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம், குற்றப் பிரிவை மாற்றலாம், தண்டனையைக் குறைக்கலாம். தண்டிக்கப்பட்டவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். அடிதடி அப்பீல்களில் பெரும்பாலும் வாதம் எங்கே நிற்கும் என்றால், ஆயுதத்தில். நம் உதாரணத்தில் அந்தத் துடுப்பு உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் ஆயுதமா, துடுப்பைக் கோர்ட்டில் சான்றுப் பொருளாகக் காட்டினார்களா, தையல் போட்ட மருத்துவரை விசாரித்தார்களா, காயச் சான்றிதழில் எழுதியதும் சாட்சி சொன்னதும் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் கேள்விகள். ஆயுதம் இல்லை என்றானால் மூன்று ஆண்டுவரை போகக்கூடிய பிரிவு, ஓராண்டு அல்லது அபராதம் என்ற பிரிவுக்கு இறங்கும். வக்கீல் வராவிட்டாலும், அதை மட்டுமே காரணம் காட்டி கிரிமினல் அப்பீலைத் தள்ளிவிட முடியாது. ஆவணங்களைப் படித்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 1996-இல் பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது.

ஆயுதம் என்றதும் பஞ்சாபின் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. 1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலாவில் வாகனம் நிறுத்துவதில் தகராறு. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து 65 வயது முதியவரைக் கையால் தாக்கினார் என்பது வழக்கு, முதியவர் இறந்துபோனார். 1999-இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. 2006-இல் உயர்நீதிமன்றம் மூன்று ஆண்டுச் சிறை கொடுத்தது. 2007-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்மானத்துக்குத் தடை விதித்தது. 2018-இல் சாதாரணக் காயம் விளைவித்ததாக மட்டும் கொண்டு 1,000 ரூபாய் அபராதத்தோடு முடித்தது. இறந்தவரின் குடும்பம் விடவில்லை. மறுஆய்வு மனுவில் 2022 மே 19 அன்று அதே உச்ச நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. உடல் வலுவுள்ள ஒரு குத்துச்சண்டைக்காரனோ மல்யுத்த வீரனோ கிரிக்கெட் வீரனோ ஓங்கினால் வெறுங்கையே ஆயுதமாகலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. வலை இழுத்து இழுத்து இறுகிய கைகள் உள்ள ஊரில் இந்த வரியை உரக்கப் படிக்க வேண்டும். 'கையாலதானே அடிச்சேன்' என்பது எல்லா நேரமும் கைகொடுக்காது.

யாரும் படிக்காத பத்திரம்

இனி அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். நான் இந்தக் கட்டுரையை எழுத முடிவு செய்ததே அதற்காகத்தான்.

அடிதடி, மிரட்டல், சேதம் விளைவித்தல் போன்ற குற்றங்களில் ஒருவரைத் தண்டிக்கும்போதே, இனி அமைதியைக் குலைக்கமாட்டேன் என்று அவரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மூன்று ஆண்டுவரை அது கட்டுப்படுத்தும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 106-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 125. இங்கிலாந்தில் தண்டனையோடு சேர்த்து 'இவரை நெருங்காதே' என்று நீதிமன்றம் தடை ஆணை போடுகிறது. மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை. நம் சட்டத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்பது இந்தப் பிணைப்பத்திரம்தான். பத்திரம் எழுதித் தராவிட்டால், தரும்வரை அல்லது காலம் முடியும்வரை சிறை.

இதில் இரண்டு சங்கதிகளை அப்பீல் போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்முறையீட்டில் தண்டனைத் தீர்ப்பே ரத்தானால், பத்திரமும் தானாகச் செல்லாததாகிவிடும். அதற்கெனத் தனி மனு வேண்டாம். அதேபோல, கீழ்நீதிமன்றம் கேட்காத பத்திரத்தை மேல்முறையீட்டு நீதிமன்றமும் கேட்கலாம். சிறையைக் குறைத்துவிட்டு, மூன்று ஆண்டு அமைதிக்குக் கையெழுத்து வாங்கலாம். வெளியே வந்தவர் 'ஜெயிச்சுட்டேன்' என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பையில் மூன்று ஆண்டுக்கான கட்டு இருக்கும்.

இதைவிட அதிகம் புழங்குவது இன்னொரு பத்திரம். வழக்கு நடந்து தீர்ப்பு வர வேண்டியதில்லை. திருவிழா நேரத்திலோ, இரண்டு குடும்பங்களுக்குள் உரசல் வந்தாலோ, போலீஸ் அறிக்கையின் பேரில் கோட்டாட்சியர் முன்னால் நிறுத்தி ஓராண்டு அமைதிக்குப் பத்திரம் வாங்குவார்கள். பழைய 107, இப்போது 126. ஊர்ப்பேச்சில் இன்னும் 'நூத்தி ஏழு'தான். அடித்தவரோடு அடிபட்டவரையும் சேர்த்து 'இரண்டு தரப்பும்' என்று கையெழுத்து வாங்கும் வழக்கம் எனக்கு ஒப்புதல் இல்லாதது. மண்டை உடைந்தவனிடம் இனி அமைதியாக இருப்பேன் என்று எழுதி வாங்குவதில் என்ன நியாயம்?

அந்தக் கையெழுத்தையும் எதிர்க்க வழியுண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிணை தரச்சொல்லும் இறுதி உத்தரவை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும், இல்லையென்றால் பொதுவாக அது கைவிடப்பட்டதாகவே ஆகும். பத்திரத் தொகை அவரவர் நிலைமைக்கு மீறியதாக இருக்கக் கூடாது. 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் என். சதீஷ்குமார், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு இன்னும் ஒருபடி மேலே போனது. காவல் துணை ஆணையர்களுக்கு, இப்படிப் பத்திரம் வாங்கும் நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்த தமிழக அரசின் ஆணைகளை அது செல்லாது என்று ரத்து செய்தது. 107-இன் கீழ் எழுதிய பத்திரத்தை மீறினார் என்பதற்காக நிர்வாக நடுவரே ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிட முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

தூத்துக்குடிக்கு இந்தப் பத்திரம் புதிதல்ல. 1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரனாரையும் சுப்பிரமணிய சிவாவையும் திருநெல்வேலி ஆட்சியர் விஞ்ச் வரவழைத்துக் காவலில் வைத்ததும் முதலில் நன்னடத்தைப் பிணை கேட்கும் நடவடிக்கையில்தான். மறுநாள் மார்ச் 13 அன்று நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் விதித்தார். உயர்நீதிமன்ற மேல்முறையீட்டில் அது பெரிதும் குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அவரே ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் ஏழைகளுக்காக கிரிமினல் வழக்காடிய வக்கீல். தண்டனைக்குப் பின் அவருடைய வக்கீல் உரிமம் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்தார். அரசியல் வழக்கையும் அடிதடி வழக்கையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆட்சியாளர் கையில் பிணைப்பத்திரம் எவ்வளவு கூர்மையான கருவி என்பதை இந்த மாவட்டம் நூறாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது என்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் அப்பீல் என்ற சொல்லே இல்லாத காலம். 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் பணிசெய்தபோது தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் குடிக்கும் பெண்களுக்கு ஒரு பணம் அபராதமும் மூன்று நாள் காவலும் என்று விதி சொல்லியிருக்கிறார். அதே கடிதங்களில் போர்த்துகீசியத் தளபதி முத்துக்குளிக்கும் மக்களுக்குச் செய்த கொடுமைகளைப் பற்றி மனம் நொந்தும் எழுதியிருக்கிறார். குடித்த பெண்ணுக்கு உடனே காவல். கொடுமை செய்த தளபதியை எதிர்த்து மக்கள் போய் நிற்க ஒரு கோர்ட்டு கிடையாது. அங்கிருந்து பார்த்தால் முப்பது நாள் கெடுவும் தூத்துக்குடி வரை ஒரு பஸ் பயணமும் சின்ன விஷயமல்ல.

ஜாமீன் நிபந்தனையையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் நடைமுறையிலுள்ள 'நெருங்காதே' பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 'வெளியூரில் தங்கி தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்' என்று உத்தரவு வரும். அடிபட்டவருக்கு அது பெரிய நிம்மதி. கடல் தொழிலாளிக்கோ அது தொழிலையே இழப்பது. காலை பத்து மணிக் கையெழுத்துக்காக நிற்பவன் விடியலில் படகேற முடியாது. இரண்டையும் சமன்செய்ய நிபந்தனைத் தளர்வு மனு இருக்கிறது. அதைப் போடாமல், கையெழுத்துப் போடுவதையும் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுவதால்தான் ஜாமீன் ரத்தாகிறது. அடித்ததற்காக உள்ளே போனவர்களைவிடக் கையெழுத்துப் போடாததற்காக உள்ளே போனவர்களுக்குத்தான் என் மனம் அதிகம் வருந்துகிறது.

அவள் கையில் உள்ள ஆணை

இதுவரை அடித்தவரின் பக்கமிருந்து பேசினேன். அப்பீல் என்ற சொல்லைக் கேட்டதும் அடிபட்டவர் வயிற்றில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை அரைகுறை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் போடும் பாதுகாப்பு ஆணை பலமானது. அடிக்காதே என்பதோடு அது நிற்காது. வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, போன் செய்யாதே, அவளுடைய நகையைத் தொடாதே, அவளுக்கு உதவியவர்களை மிரட்டாதே என்றும் சொல்லலாம். வசிப்பிட ஆணை போட்டு, அந்த வீட்டை விட்டுக் கணவரை வெளியேற்றவும் முடியும். அவசரமானால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை கிடைக்கும். மீறினால் அதுவே தனிக்குற்றம்: ஓராண்டுவரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம், பிடியாணையில்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விடமுடியாத குற்றம். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டம் இதேபோன்ற பாதுகாப்புக் கட்டளையைத் தருகிறது. அங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத காலம். இங்கே அவளே விண்ணப்பித்து விடுவிக்கக் கேட்கும்வரை பாதுகாப்பு ஆணை நீடிக்கும். நிலைமை மாறிவிட்டால் இரு தரப்பில் யாரும் மாற்றக் கேட்கலாம்.

இந்த ஆணையை எதிர்த்தும் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றம் போகலாம். அந்த உரிமை இருவருக்கும் உண்டு. ஆணை போதவில்லை என்று மனைவியும் போகலாம். ஆனால் ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்: அப்பீல் போட்டதால் மட்டும் ஆணை நின்றுவிடாது. அமர்வு நீதிமன்றம் தனியாகத் தடை கொடுத்தால்தான் நிற்கும். 'கேஸை மேல கொண்டுபோயிட்டேன், இனி உன் ஆர்டர் செல்லாது' என்று வீட்டு வாசலில் வந்து நிற்கும் கணவர், அந்த நிமிடமே புதியதொரு குற்றத்தைச் செய்கிறார். அடித்ததற்காக வந்த வழக்கில் விடுதலை ஆனாலும், ஆணையை மீறிய வழக்கு தனியாக நிற்கும்.

இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. ஊர்க் கமிட்டி கூடும், பெரியவர்கள் பேசுவார்கள், 'ராசியாப் போயிருங்க' என்பார்கள். சண்டையை ஊருக்குள் முடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு, அதில் நல்லதும் உண்டு. கையால் அடித்த சாதாரணக் காய வழக்கை, அடிபட்டவர் மனமொப்பிச் சமரசம் செய்துகொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. அப்பீல் நிலுவையில் இருக்கும்போதும் நீதிமன்ற அனுமதியோடு முடித்துக்கொள்ளலாம். ஆயுதக் காயத்தில் அது முடியாது. அந்தப் பிரிவைச் சமரசப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு உயர்நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆனால் மனைவி கையில் உள்ள பாதுகாப்பு ஆணையைத் திருப்பிக் கொடுக்கச்சொல்லி ஊர் கேட்கும்போது அது சமரசம் ஆகாது. மச்சானின் மண்டைக் காயத்துக்கு நஷ்டஈடு பேசுகிற அதே கூட்டத்தில் அவளுடைய ஆணைக்கும் விலை பேசினால், பேசுகிறவர்கள் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும் தவறு தவறுதான்.

அடிபட்டவருக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு. 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைக் கொடுத்தது. விடுதலையை எதிர்த்து, குறைந்த பிரிவில் தண்டித்ததை எதிர்த்து, இழப்பீடு போதாததை எதிர்த்துப் போகலாம். தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் அவர் போக முடியாது, அதற்கு அரசுதான் போக வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மனம் வைக்காவிட்டால்? ஆறு தையல் போட்டவருக்கு இந்தக் கதவு மூடியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதைவிட வருத்தம், அப்பீல் நடப்பதே அடிபட்டவருக்குத் தெரியாமல் போவது. மேல்முறையீட்டில் எதிர்மனுதாரர் அரசு. அரசு வக்கீல் ஆஜராவார், தேதிகள் ஓடும், ஒருநாள் 'அனுபவித்த காலமே போதும்' என்று தண்டனை குறைந்துவிடும். அந்தச் செய்தி டீக்கடை வழியாக அவள் காதுக்கு வரும். அந்த அப்பீலில் அரசு வக்கீலுக்குத் துணையாகத் தன் வக்கீல் வழியாக எழுத்துமூல வாதம் வைக்க அனுமதி கேட்கலாம் என்பதும், இழப்பீடு கேட்கலாம் என்பதும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நம் உதாரணத்து மனைவி என்ன செய்யலாம்? பாதுகாப்பு ஆணையின் நகலை இலவசமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்; காவல் நிலையத்துக்கும் நகல் போய்விட்டதா என்று கேட்டு உறுதிசெய்யலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். 181-ஐ அழைக்கலாம். நீதிமன்ற வழக்குகளுக்கு சி.என்.ஆர். என்று பதினாறு இலக்க, எழுத்துக் கலவையான எண் ஒன்று உண்டு. அதைப் போனில் போட்டால் அடுத்த தேதி எப்போது, என்ன உத்தரவு என்று தெரியும். குமாஸ்தாவையோ கணவர் வீட்டாரையோ கேட்க வேண்டியதில்லை. கணவர் போட்ட அப்பீலுக்கும் அப்படியொரு எண் இருக்கும். சட்ட உதவி வக்கீலிடம் கேட்டு அதையும் வாங்கி, வீட்டில் கோயில் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைக்கலாம். அடுத்த வாய்தா தேதியை முன்பக்கத்தில், படகு கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நடுவில், வட்டமிட்டு வைக்கலாம்.